சமையலறைக்குப் புரட்சி வேண்டாம்

குடும்பத் தலைவரின் ரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்த மறுநாள் நம் வீடுகளில் ஒரு பெரிய களையெடுப்பு நடக்கும். சர்க்கரை டப்பா பரணுக்கு ஏறும். மைதா பாக்கெட், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் பைக்குள் போகும் (அவர் குடும்பத்துக்கு மட்டும் அது நஞ்சில்லை போலிருக்கிறது). அரிசி மூட்டை இருந்த இடத்தில் வரகு, சாமை, குதிரைவாலி வரிசையாக வந்து உட்காரும். செக்கு எண்ணெயும் இந்துப்பும் நாட்டுச் சர்க்கரையும் கூடவே வரும். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பும் போய்விடும். மூன்றாவது வாரம் மச்சினன் வீட்டுக் கல்யாணம் வரும். அதற்கு அடுத்த வாரம் பரணிலிருந்து டப்பா இறங்கிவிடும். குதிரைவாலியில் வண்டு விழுந்திருக்கும்.

இப்படித் தோற்றவர்களைப் பார்த்து ஊர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: மன உறுதி போதாது. மாறுவதென்றால் ஒரே நாளில் மாற வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக என்பதெல்லாம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிற வேலை. யூடியூப் மருத்துவர்கள், பேலியோவில் பதினைந்து கிலோ இறக்கிய அலுவலக நண்பர், இயற்கை அங்காடிக்காரர் என்று எல்லோரும் ஒரே குரலில் இதைச் சொல்கிறார்கள். கேட்பதற்கு வீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு குடும்பம் சேர்ந்து சாப்பிடும் அடுப்படியைப் பொறுத்தவரை இது அடியோடு தவறான யோசனை. தோற்றவர்கள் மீது குற்றமில்லை; அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழியில்தான் கோளாறு.

எதிர்த்தரப்பின் கையில் வலுவான சான்றே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வு அவர்களுக்குச் சாதகமானது. சர்க்கரை நோய் வந்து சில ஆண்டுகளே ஆனவர்களுக்குச் சாப்பாட்டை அறவே நிறுத்திவிட்டு, நாளைக்குச் சுமார் 850 கலோரி மட்டுமே உள்ள கரைசல் உணவை மூன்று முதல் ஐந்து மாதம்வரை கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேர் மருந்தே இல்லாமல் நோயின் பிடியிலிருந்து விடுபட்டிருந்தார்கள். பெரிய வெற்றிதான். சிகரெட் விஷயத்திலும் படிப்படியாகக் குறைப்பவரைவிட ஒரு நாள் குறித்துச் சட்டென்று நிறுத்துபவரே அதிகம் தேறுகிறார் என்று காட்டிய ஆய்வு உண்டு.

ஆனால் டைரக்டில் என்ன நடந்தது என்று முழுதாகப் பார்க்க வேண்டும். அது மருத்துவக் கண்காணிப்பில், தனித்தனி நோயாளிகளுக்குத் தரப்பட்ட சிகிச்சை. கரைசலை நிறுத்திய பிறகு சாதாரண உணவைப் பல வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பின்னும் விடாமல் கூட நின்றார்கள். அப்படியும் இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆகிவிட்டது. ஒரு டம்ளர் கரைசலோடு ஒருவர் மூன்று மாதம் தள்ளலாம். எட்டு வயதுப் பிள்ளையும் எழுபது வயது மாமியாரும் உள்ள வீடு தள்ள முடியாது. சிகரெட்டை விட்டவர் வாழ்நாளில் இன்னொரு சிகரெட்டைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. சோற்றை விட்டவர் அடுத்த வேளைக்கு மறுபடி தட்டின் முன்னால் உட்கார்ந்தே ஆக வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது சரியில்லை.

அடுத்து இந்த நாள் கணக்கு. 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழகிவிடும் என்பார்கள். நம் ஊரில் அதை ஒரு மண்டலமாக, 48 நாளாக நீட்டிச் சொல்பவர்களும் உண்டு. 21 என்ற எண், மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர் 1960-இல் எழுதிய ஒரு புத்தகத்திலிருந்து கிளம்பியது. திருத்திய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது அவ்வளவு நாள் பிடிக்கிறது என்று அவர் கவனித்திருந்தார். கத்தரிக்காய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து நிஜமாகவே அளந்து பார்த்து 2010-இல் வெளியிட்டார்கள். சாப்பாட்டோடு ஒரு பழம், காலையில் ஒரு நடை போன்ற சின்னச் சின்னப் பழக்கங்கள்தான். தானாக வரும் அளவுக்கு அவை ஊறுவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 என்று கணக்கு விரிந்தது. நம் வீடுகளுக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி ஒன்றும் அதில் இருக்கிறது. நடுவில் ஒரு நாள் தவறினால் பழக்கம் குலைந்துவிடவில்லை. கல்யாணப் பந்தியில் ஒரு ஜாங்கிரி சாப்பிட்டதோடு விரதம் முறிந்தது என்று எல்லாவற்றையும் கைவிடுகிறோமே, அது முழுக்க நம் கற்பனை. விரதமாக வைத்தால்தானே முறியும்?

மெதுவாகப் போவது கோழைத்தனம் என்பவர்கள் சென்னையிலேயே நடந்த ஒரு வேலையைப் படித்திருக்கலாம். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகள் 2006-இல் வெளியாயின. சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டு மூன்றாண்டு பின்தொடர்ந்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. வாழ்க்கை முறையில் மிதமான மாற்றம் செய்தவர்களில் அது 39.3 சதவீதம். என்ன மாற்றம்? தினம் அரை மணி நேரம் நடை, சர்க்கரையைத் தவிர்ப்பது, எண்ணெயும் தீட்டிய மாவும் குறைவு, நார்ச்சத்து கூடுதல். அவர்களுடைய உடல் எடைகூடப் பெரிதாகக் குறையவில்லை. இருந்தும் பலன் கிடைத்தது. எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்று முதல் மாதமே முகம் தொங்கிப்போகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனி அந்தப் புதுப் பாக்கெட்டுகளுக்கு வருவோம். களையெடுப்பில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்: நிறையச் செலவழித்துக் கிட்டத்தட்ட எதையும் மாற்றாமல் இருப்பது. வெள்ளைச் சர்க்கரை 100 கிராமில் ஏறக்குறைய 400 கலோரி. வெல்லத்தில் 380-ஐ ஒட்டி. வெல்லத்தில் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். நாட்டுச் சர்க்கரை போட்ட காபியை நிம்மதியாக நான்கு வேளை குடிப்பவருக்கு, வெள்ளைச் சர்க்கரையைப் பயந்து பயந்து இரண்டு வேளை குடிப்பவரைவிட ஆபத்து அதிகம். செக்கில் ஆட்டினாலும் ஆலையில் ஆட்டினாலும் எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி. இந்துப்பும் உப்புதான், அயோடின் சேர்க்காததாக இருந்தால் கூடுதலாக ஒரு நஷ்டம்.

சிறுதானியத்தைக் குறை சொன்னால் என்னோடு சண்டைக்கு வருவார்கள். கம்பும் கேழ்வரகும் நல்ல உணவுகள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஐசிஎம்ஆர் நிதியில் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நாடு முழுக்க நடத்திய 'இந்தியாப்' (INDIAB) ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது அது. தீட்டிய அரிசிக்குப் பதில் முழுக்கோதுமை மாவோ சிறுதானிய மாவோ வைத்துவிடுவதால் மட்டும் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. நாளின் மொத்தக் கலோரியில் வெறும் 5 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் வகைகளின் புரதத்தை வைப்பதாகக் கணக்கிட்டபோது வாய்ப்பு குறைவாக இருந்தது. இது கணக்கெடுப்பு ஆய்வு, சிகிச்சைச் சோதனை அல்ல. அந்த அளவுக்குத்தான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் மூன்று கரண்டி அரிசிச் சோற்றை மூன்று கரண்டி சாமைச் சோறாக மாற்றிவிட்டுக் கடமை முடிந்தது என்று உட்கார்பவர்களுக்கு இதில் ஆறுதல் இல்லை. கடையில் விற்கும் சாமையும் வரகும் பெரும்பாலும் அரிசியைப் போலவே பளிச்சென்று தீட்டியவை என்பது வேறு கதை.

ஐந்து சதவீதம் என்பது எவ்வளவு சின்ன அளவு என்று பாருங்கள். நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவர், மொத்தத்தில் 5 சதவீதத்தை இடம் மாற்றினால் அது 100 கலோரி. ஒரு சின்னக் கரண்டிச் சோற்றுக்குப் பதில் ஒரு சின்னக் கிண்ணம் சுண்டல். இதற்கு வாட்ஸ்அப் அறிவிப்பு தேவையா?

நம் மதியச் சாப்பாட்டின் அமைப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். முதல் சுற்று குழம்புச் சோறு, இரண்டாவது ரசம், மூன்றாவது மோர். ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சோற்றைக் கேட்கும். பொரியல் தட்டின் ஓரத்தில் ஒரு கைப்பிடி. சிலருக்கு அது தொட்டுக்கொள்ளத்தான். நான்கு பேர் வீட்டில் கால் கிலோ பீன்ஸ் வாங்கி, நார் உரித்து, நறுக்கி வதக்கினால் ஆளுக்கு 60 கிராம்கூடத் தேறாது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி ஒருவருக்கு நாளைக்கு 400 கிராம் காய்கீரை என்கிறது. நான்கு பேருக்கு 1.6 கிலோ. இதை நாளைக்கே செய்யச் சொன்னால் வாணலி பத்தாது, வயிறும் பத்தாது. முருங்கைக்கீரை உருவ உட்காருபவருக்கு முதுகும் பத்தாது. மூன்றாம் நாள் ஃபிரிட்ஜில் புடலங்காய் வாடிக் கிடக்கும், அதைப் பார்த்துவிட்டு "நமக்கெல்லாம் இது ஒத்துவராது" என்று முடிவு கட்டப்படும்.

அதே வீட்டில், இந்த மாதம் காய்ப்பையில் தினம் கால் கிலோ கூட ஏறட்டும். அடுத்த மாதம், ரசத்தைச் சோற்றில் ஊற்றாமல் டம்ளரில் குடிக்கலாம் என்று யாராவது ஒருவர் ஆரம்பிக்கட்டும். அதற்கும் அடுத்து மோர். மூன்று சுற்றுச் சோறு இரண்டாகி, இரண்டு ஒன்றரை ஆகும்போது, குக்கரில் போடும் அரிசி மூன்று ஆழாக்கிலிருந்து இரண்டேகாலுக்கு வந்திருக்கும். சாம்பாரும் இருக்கிறது, ரசமும் இருக்கிறது, மோரும் இருக்கிறது. யார் வாயிலிருந்தும் எதையும் பிடுங்கவில்லை. ஓராண்டில் அந்த வீட்டுத் தட்டின் முகமே மாறியிருக்கும். எந்த நாளில் மாறியது என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது.

நாக்கு மாறுமா என்பது நியாயமான கேள்வி. மாறும், ஆனால் அதன் வேகத்தில். அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் உப்பைக் குறைத்துச் சாப்பிட வைக்கப்பட்டவர்களுக்கு, சில மாதங்கள் போன பிறகு, முன்பு பிடித்த உப்பு அளவே கரிப்பாகத் தெரிந்தது. பிரிட்டனில் இதை நாடளவில் செய்தார்கள். 2001-க்கும் 2011-க்கும் இடையில் கடை ரொட்டியிலிருந்து உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக, மொத்தம் 20 சதவீதம்வரை, உருவிவிட்டார்கள். ரொட்டி வழக்கம்போல விற்றுக்கொண்டிருந்தது. ஒரே நாளில் 20 சதவீதம் எடுத்திருந்தால் ரொட்டி அலமாரியிலேயே காய்ந்திருக்கும். நம் காபிக்கும் இதே கணக்குதான். இரண்டு ஸ்பூன் போட்ட காபி நாளைக்கு மூன்று என்றால் 30 கிராம் சர்க்கரை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாள் முழுவதற்கும் சொல்லும் எல்லை 25. இரண்டு, ஒன்றே முக்கால், ஒன்றரை என்று இறங்கி வந்தவர் ஒருநாள் உறவினர் வீட்டில் பழைய அளவில் குடித்துப் பார்த்தால் பாயசம் மாதிரி இருக்கிறதென்று முகம் சுளிப்பார். ஒரே நாளில் சர்க்கரையை நிறுத்தியவர் அதே காபியைப் பார்த்து ஏங்குவார்.

ஒரேயடி மாற்றத்தின் மீது எனக்குள்ள பெரிய கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த வீரத்தின் செலவை யார் கட்டுகிறார்கள்?

அவருக்குச் சர்க்கரை என்றால் அவருக்குத் தனிச் சமையல். ராத்திரி ஒன்பது மணிக்கு மற்றவர்களுக்கு இட்லி ஊற்றி முடித்த கையோடு அவருக்கு மட்டும் மூன்று சப்பாத்தி தேய்க்க வேண்டும் (தமிழ்நாட்டில் சப்பாத்தி என்பது உணவு என்ற நிலையைத் தாண்டி மருந்தாகவே ஆகிவிட்டது, மேலே எண்ணெய் தடவி, பக்கத்தில் தேங்காய் அரைத்த குருமாவோடு). காலையில் அவருக்குக் கம்பங்கூழ், பிள்ளைகளுக்குத் தோசை. தேய்ப்பதும் கரைப்பதும் ஊற்றுவதும் ஒரே ஆள். மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் இந்தியப் பெண் அதற்கு நாளைக்கு 299 நிமிடம் கொடுத்தார். ஆண் 97 நிமிடம். ஐந்து மணி நேரம் ஏற்கெனவே நிற்பவரின் தலையில் இன்னொரு அடுப்பைத் தூக்கி வைத்துவிட்டு, 'நான் டயட்டில் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்வதில் மன உறுதி எங்கே இருக்கிறது?

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அந்த அம்மாவுக்கே சர்க்கரை வந்தால்? தனிச் சமையல் கிடையாது. எல்லோரும் சாப்பிட்டது போக மிஞ்சிய சோற்றை, ஆறிப்போன குழம்போடு, மூன்று மணிக்குச் சாப்பிடுவார். மாத்திரை மட்டும் நேரத்துக்குப் போடச் சொல்லி மகன் வெளியூரிலிருந்து போன் செய்வார். நோயாளிக்கென்று ஒரு தட்டு, மற்றவர்களுக்கென்று இன்னொரு தட்டு என்ற ஏற்பாடு இவரைப் போன்றவர்களை ஒருபோதும் எட்டாது. எல்லோருடைய தட்டும் ஒன்றாக, மெதுவாக மாறும்போதுதான் அடுப்படியில் நிற்பவரின் தட்டும் சேர்ந்து மாறும். 2023-இல் வெளியான இந்தியாப் கணக்கின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி. நோயாளியைவிட நோயாளியாகப் போகிறவர் அதிகம். அப்பாவுக்குத் தனிச் சப்பாத்தி போடும் வீட்டில் தோசையை மடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மகன் அந்த 13.6 கோடியில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

குழந்தைகள் விஷயத்தில் தடை உத்தரவு நேர் எதிராகவே வேலை செய்கிறது. அமெரிக்க உளவியலாளர் லியான் பர்ச்சும் ஜெனிஃபர் ஃபிஷரும் 1999-இல் காட்டினார்கள்: கண்ணெதிரே வைத்துத் தொடாதே என்று சொன்ன தின்பண்டத்தின் மீதுதான் பிள்ளைகளின் கவனமும் ஆசையும் கூடுகிறது. வீட்டில் சிப்ஸுக்கு 144 போட்டால் பிள்ளை டியூஷன் வழியில் வாங்கிக்கொள்ளும். பிடிக்காத காய் பிடிக்க ஆரம்பிப்பதற்கும் அவசரம் உதவாது. திட்டாமல், லஞ்சம் கொடுக்காமல், பத்துப் பதினைந்து தடவை ஒரு துண்டு தட்டில் வந்துபோக வேண்டும். அதுவும் அப்பாவின் தட்டில் அதே காய் இருக்க வேண்டும். பாகற்காயைத் தான் ஒதுக்கி வைத்துவிட்டு மகளுக்கு அதன் பெருமையைச் சொல்லும் அப்பாக்களைப் பற்றி எழுத இன்னொரு கட்டுரை வேண்டும்.

நடை, தூக்கம், இரவுச் சாப்பாட்டின் நேரம் எல்லாவற்றுக்கும் இதே தர்க்கம் பொருந்தும் என்பதால் விரிக்கவில்லை. பத்தரை மணிச் சாப்பாட்டை ஏழு மணிக்கு இழுக்க முயன்ற வீடுகளில் எட்டரைக்கு இரண்டாவது சாப்பாடு நடந்ததுதான் மிச்சம். மாதத்துக்குக் கால் மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள், போதும்.

இப்படி ஊர்ந்துகொண்டிருந்தால் பெரிய மாற்றம் எப்போது வரும் என்று கேட்பவர்களுக்கு ஃபின்லாந்தின் வட கரேலியாவைக் காட்டலாம். நடுவயது ஆண்கள் மாரடைப்பில் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த ஏழை மாகாணம் அது. ரொட்டியில் தடிமனாக வெண்ணெய், கொழுப்பு எடுக்காத பால், எல்லாவற்றிலும் உப்பு. 1972-இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் வேலை தொடங்கியபோது அவர்கள் யாருடைய வெண்ணெயையும் பறிமுதல் செய்யவில்லை. மார்த்தா என்ற இல்லத்தரசிகள் அமைப்போடு சேர்ந்து, ஊர் ஊராகச் சமைத்துக் காட்டினார்கள். அவர்களுடைய பழைய குழம்பு வகைகளிலேயே இறைச்சியைக் குறைத்துக் காயைக் கூட்டினார்கள். உப்பையும் கொழுப்பையும் குறைக்க ரொட்டிக்காரர்களோடும் தொத்திறைச்சிக்காரர்களோடும் பேசினார்கள். பால் விற்பனை படுத்துவிடுமே என்று கலங்கிய பண்ணைக்காரர்களுக்குப் பெர்ரி பயிரிட உதவினார்கள். நாற்பது ஆண்டுகளில், வேலை செய்யும் வயது ஆண்களிடையே இதய ரத்தக்குழாய் நோய்ச் சாவுகள் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. புகையிலைக் குறைப்புக்கும் பின்னால் வந்த சிகிச்சைகளுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் ஒரு மாகாணத்தின் சாப்பாட்டு மேசையே மாறிப்போனது, மெதுவாக, யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல்.

முன்னோர் சாப்பாட்டுக்கு அப்படியே திரும்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற கட்சியை நான் இவ்வளவு நேரம் தொடவில்லை. நீண்ட பதில் அதற்குத் தேவையில்லை. சுதந்திரத்தின்போது பிறந்த இந்தியக் குழந்தைக்கு எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் சுமார் 32. சிசு மரணமும் தொற்று நோயும்தான் அதை அவ்வளவு கீழே இழுத்தன, சாப்பாடு மட்டும் காரணமில்லை என்பது உண்மை. ஆனால் பட்டினியும் அதில் இருந்தது. நாள் முழுக்க ஏர் பின்னால் நடந்தவரின் கூழை, நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவர் கடன் வாங்கினால் கூழ் மட்டும்தான் வரும், நடை வராது.

கடைசியாக, இந்தக் கட்டுரைக்கு எதிராக நானே மதிக்கும் ஒரு கேள்வி உண்டு. காயைக் கூட்டு, பயறைக் கூட்டு என்கிறாயே, கையில் காசு? முழுக்க நியாயமான கேள்வி. இயற்கை அங்காடிச் சாமான்களை மறந்தால் செலவு நிறையக் குறையும். முருங்கைக்கீரை பல தெருக்களில் சும்மாவே கிடைக்கும். கொள்ளும் தட்டைப்பயறும் எல்லா மளிகைக் கடையிலும் உண்டு. ஆனாலும் கணக்கு இடிக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பெரியவர் ஒருவருக்குப் பருப்பு, முட்டை, மீன், இறைச்சி எல்லாம் சேர்ந்து நாளைக்கு 85 கிராம் என்கிறது. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதம் 10 கிலோ. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அந்த வீட்டு அட்டைக்கு அரிசி விலையில்லாமல் 20 கிலோ கிடைக்கிறது. துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு ஒரே ஒரு கிலோ. அரிசி வந்து பசியை விரட்டியது சாதாரணச் சாதனை இல்லை, அதைக் கேலி செய்பவர்கள் பசி தெரியாதவர்கள். ஆனால் மீதி ஒன்பது கிலோவுக்கு வழி என்ன என்ற கேள்வியை அடுப்படியில் நிற்கும் பெண்ணின் மன உறுதியிடம் கேட்பதை நிறுத்திவிட்டு, பட்ஜெட் போடுகிற இடத்தில் கேட்க வேண்டும். பருப்பை இரண்டு கிலோவாக, பிறகு மூன்றாக, படிப்படியாக உயர்த்தினால்கூடப் போதும்.